ட்ரெக்கிங் ஷூ வாங்கப் போறவங்க தயவுசெஞ்சு படிங்க, எனக்கு 11,800 ரூபா போச்சு

11,800 ரூபா. முழுசா போச்சு. கோவத்துல கை நடுங்கிட்டு இருக்கு, அப்படியே டைப் பண்றேன், எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்கோங்க. கடை பேர் போடல, ஏன்னா "பேர் போட்டா வக்கீல் நோட்டீஸ் வரும் சிஸ்டர்"னு இன்னைக்கு மத்தியானம் போன்லயே மிரட்டிட்டாங்க. சென்னைல டென்ட், ஸ்லீப்பிங் பேக் எல்லாம் வாடகைக்கு விட்டுட்டு கூடவே ட்ரெக்கிங் ஷூ, பை, ஜாக்கெட் விக்கிற ஒரு மாடிக்கடை, இன்ஸ்டால பெரிய பேஜ் இருக்கு, மலை மேல நின்னு கைய விரிச்ச போட்டோவா போட்டு வெச்சிருப்பாங்க. இதுக்கு மேல அடையாளம் சொல்ல முடியாது. ஆனா இவங்க பண்ற வேலைய எந்த கடைல வேணா பண்ணலாம், அதனால முழுசா படிங்க.

எனக்கு ஷூ எதுக்கு தேவைப்பட்டுச்சுன்னா கர்நாடகால இருக்கற குமார பர்வதம் மலைக்கு. குக்கே சுப்ரமண்யா கோயில்கிட்ட இருந்து ஏறணும், உச்சி 1712 மீட்டர். போனவங்களுக்கு தெரியும், அந்த ஒரே மலைல எல்லா விதமான தரையும் வரும். ஆரம்பத்துல அடர்ந்த காடு, வேரும் பாறாங்கல்லுமா ஏத்தம், வழில கிரிகத்தேங்கற இடம் தாண்டினா மொட்டை வெயில்ல புல்வெளி, காலடில உருளுற சின்ன கல்லு, கல்லு மண்டபம் தாண்டி சேஷ பர்வதம்ங்கற முன் சிகரம், அதுக்கப்புறம் திரும்ப ஒரு சோலைக்காட்டுக்குள்ள இறங்கணும், அங்க எப்பவும் ஈரம், கடைசியா தண்ணி ஒழுகுற வழுக்குப்பாறை. இறக்கம் இருக்கே, அது முட்டியையும் கால் பெருவிரலையும் பதம் பாத்துடும். ஸ்போர்ட்ஸ் ஷூ போட்டு போன தோழி ஒருத்தி போன வருஷம் கணுக்கால் பிசகி வந்தா. அதனால கணுக்கால் மூடுற மாதிரி, நல்ல கிரிப்போட, பல வருஷம் உழைக்கிற மாதிரி ஒண்ணு வாங்கிடலாம்னு காசு சேத்து வெச்சிருந்தேன். எனக்கு முன்பாதம் அகலம், லேடீஸ் மாடல் முக்கால்வாசி எனக்கு பிடிச்சு இறுக்கும், ஆம்பளைங்க மாடல் எடுத்தா குதிகால் கழண்டு ஏறி இறங்கும். தேடித்தேடி அலுத்துப் போயிருந்த நேரத்துலதான் இந்த பேஜ் கண்ல பட்டுச்சு. "அகலமான பாதத்துக்கு ஸ்பெஷல், வெளிநாட்டு சரக்கு, க்ளியரன்ஸ் விலை."

இப்ப அந்த கடைக்காரர் எப்படி என்னைய நம்ப வெச்சாருங்கறத கொஞ்சம் விவரமா சொல்றேன், ஏன்னா என் கோவமே அங்கதான் இருக்கு.

போன் பண்ணப்பவே "சிஸ்டர், காலைல வராதீங்க, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல வாங்க, நடந்து நடந்து கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், அப்ப போட்டு பாத்தாதான் மலைல கரெக்டா இருக்கும்"னார். நூத்துக்கு நூறு உண்மை அது. எந்த ஷோரூம்லயும் எனக்கு அத யாரும் சொன்னதில்ல. போனா, நான் போட்டிருந்த மெல்லிசு சாக்ஸ கழட்ட சொல்லி அவரே ஒரு புது கம்பளி சாக்ஸ் குடுத்தார், "மலைக்கு எத போடுவீங்களோ அத போட்டுதான் ஷூ பாக்கணும், காட்டன் வேணாம், வேர்வை பிடிச்சு கொப்புளம் வரும்"னார். அதுவும் உண்மை. லேஸ் கட்டாம கால முன்னாடி முட்டுற மாதிரி தள்ள சொல்லி, குதிகாலுக்கு பின்னாடி ஒரு விரல் போகுதான்னு அவரே தரைல முட்டி போட்டு உக்காந்து பாத்தார். அப்புறம் கடை மூலைல சாய்வா ஒரு ப்ளைவுட் பலகை வெச்சிருந்தாங்க, அதுல ஏறி இறங்க சொன்னார், "இறங்கும்போது விரல் முன்னாடி இடிக்குதா, ஏறும்போது குதிகால் தூக்குதா, ரெண்டும் இல்லன்னா இது உங்க ஷூ." இடிக்கல, தூக்கல. கணுக்கால்கிட்ட வர்ற கொக்கில லேஸ ஒரு சுத்து கூடுதலா சுத்தி குதிகால எப்படி பூட்டறதுன்னு கூட கட்டி காமிச்சார். ஒரு மணி நேரம் அவ்ளோ பொறுமை. அதுக்கப்புறம் தண்ணி பாட்டில திறந்து ஷூ மேல ஊத்தினார், தண்ணி முத்து முத்தா உருண்டு ஓடுச்சு, "வாட்டர்ப்ரூஃப் சிஸ்டர், ஓடைல இறங்கி நடங்க, ஒண்ணும் ஆகாது." (அந்த முத்து முத்தா ஓடறதெல்லாம் துணி மேல அடிச்ச ஸ்ப்ரே வேலை, உள்ள தண்ணி போகாத படலம் இருக்கா இல்லையான்னு அதுல தெரியாதுன்னு இப்பதான் படிச்சேன்.)

அவர் சொன்னதுல முக்கால்வாசி சரியான விஷயம்தான், அதான் எனக்கு தாங்கவே இல்ல. ஷூ எப்படி தேர்ந்தெடுக்கணும்னு அந்தாளுக்கு அவ்ளோ நல்லா தெரியும். அவ்ளோ தெரிஞ்ச ஆளுக்கு தான் விக்கிறது செத்துப்போன சரக்குன்னு தெரியாதா? தெரியும். தெரிஞ்சே என் காலடில உக்காந்து லேஸ் கட்டி விட்டு வித்தாரு.

எம்.ஆர்.பி 16,999னு பெட்டில ஸ்டிக்கர், எனக்கு 11,800. "நம்பி எடுத்துட்டு போங்க சிஸ்டர், பத்து வருஷம் அசையாது, ஏதாவதுன்னா நான் இருக்கேன்ல." ஜிபே பண்ணேன், போனது கடை பேருக்கு இல்ல, யாரோ ஒருத்தர் பேருக்கு. பில் கேட்டேன், "ஜிஎஸ்டி பில்னா மேல வரும், எதுக்கு உங்களுக்கு வீண் செலவு"ன்னு எஸ்டிமேட்னு அச்சடிச்ச ஒரு சீட்டுல "ஷூ 1 ஜோடி 11,800"னு பேனால எழுதி குடுத்தாங்க. பில் கேட்டும் தராம இருக்கறது 2019 நுகர்வோர் பாதுகாப்பு சட்டப்படி முறையற்ற வணிகம்னு அதுலயே எழுதியிருக்கு. கேட்ட கஸ்டமருக்கு பில் தர வேண்டியது கடைக்காரன் வேலை, அத அவங்க வேணும்னே பண்ணல.

வீட்டுக்கு வந்து அவர் சொன்ன மாதிரியே மொட்டை மாடில, தெருவுல, ஆபீஸ் படில போட்டு பழக்கினேன். ஒரு குறையும் தெரியல. கொப்புளம் கூட வரல.

மலைல ஏறும்போதும் சேஷ பர்வதம் வரைக்கும் ராஜா மாதிரிதான் இருந்துச்சு. சோலைக்காட்டுல நடக்கும்போது வலது கால்ல மட்டும் ஏதோ மெத்து மெத்துன்னு ஒரு பக்கமா அமுங்குற மாதிரி இருந்துச்சு, சேறு ஒட்டியிருக்கும்னு கல்லுல தேச்சுட்டு போயிட்டேன். உச்சிய தொட்டுட்டு வழுக்குப்பாறைல இறங்கறேன், கால் வெச்சேன், கால் ஒரு பக்கம் நிக்குது, சோல் இன்னொரு பக்கம் போகுது. அப்படியே சரிஞ்சு கை ஊன்றி விழுந்தேன். உள்ளங்கை தோல் பிஞ்சுது, மணிக்கட்டு இன்னைக்கு வரைக்கும் வீங்கியிருக்கு. பக்கத்துல கைட் தம்பி இல்லன்னா எங்க போய் நின்னிருப்பேன்னு நினைச்சாலே இப்பவும் வயித்த கலக்குது.

எந்திரிச்சு ஷூவ பாக்கறேன். அடி ரப்பர் அப்படியே புதுசு, ஒரு பல்லு கூட தேயல. மேல தோலும் புதுசு. நடுவுல இருக்கற அந்த சாம்பல் கலர் மெத்தை மட்டும் விரல் வெச்சு தொட்டா ரஸ்க் மாதிரி பொடிப்பொடியா உதிருது. நகத்தால கீறினா கட்டி கட்டியா வருது, உள்ள லேசா பிசுபிசுன்னு வேற இருக்கு. கைட் தம்பி டென்ட் கயிறால சுத்தி கட்டி விட்டார், பாறைல தேஞ்சு அது சீக்கிரமே அறுந்துடுச்சு. கல்லு மண்டபம் வர்றதுக்குள்ள இடது ஷூவும் வாய பொளந்துடுச்சு. கூட வந்த தம்பி முறை பையன் ஒருத்தன் பைல ஃப்ளோட்டர்ஸ் வெச்சிருந்தான், அவன் சைஸ் 9, நான் 6. அத வார் போட்டு இறுக்கிக்கிட்டு குக்கே வரைக்கும் அவ்ளோ இறக்கமும் இறங்கினேன். ரெண்டு பெருவிரல் நகமும் கருத்துப் போச்சு, ஒண்ணு விழுந்துடும்னு டாக்டர் சொல்லிட்டாங்க. 11,800 ரூபா குடுத்து வாங்கின ஷூ பிளாஸ்டிக் கவர்ல பைக்குள்ள, நான் அடுத்தவன் செருப்புல.

ஊருக்கு வந்ததும் எங்க தெருமுனைல செருப்பு தைக்கிற அண்ணன்கிட்ட காமிச்சேன். கைல வாங்கி ஒரு அமுக்கு அமுக்கினார். "இது பசை விட்டதில்லம்மா. பசை நல்லாத்தான் புடிச்சிருக்கு பாரு, தோலோடயே ஒட்டிக்கிட்டு வருது. நடுவுல இருக்கற பஞ்சு செத்துப்போச்சு. ரொம்ப வருஷம் பெட்டிக்குள்ளயே கிடந்த ஷூ இது"ன்னார். ஒரே பார்வைல.

அதுக்கப்புறம்தான் தேடிப் படிச்சேன். நிறைய ட்ரெக்கிங் ஷூல நடு மெத்தைக்கு பாலியூரித்தேன்னு ஒரு பொருள் போடறாங்க, பியூன்னு சொல்லுவாங்க. பாரத்தோட நடந்தாலும் சீக்கிரம் அமுங்காது, அதனால நல்ல ஷூ பலதுலயும் அதுதான் இருக்கும். ஆனா காத்துல இருக்கற ஈரத்தோட சேந்து அது உள்ளுக்குள்ளயே மெல்ல மெல்ல சிதைஞ்சுகிட்டே வரும், ஹைட்ராலிசிஸ்னு பேரு. போட்டு நடந்தாலும் நடக்காட்டியும் நடக்கும், பெட்டில தூங்கினாலும் நடக்கும், சூடும் ஈரமும் இருந்தா இன்னும் வேகமா நடக்கும். சென்னை மாதிரி ஊர்ல மாடில தகர ஷீட்டுக்கு அடியில அடுக்கி வெச்சா கேக்கவா வேணும். தயாரிச்சதுல இருந்து எட்டு பத்து வருஷம் ஆன ஷூன்னா வெளிய பாக்க பளபளன்னு இருக்கும், பாரம் ஏத்தி ஒரு மலை ஏறினா போதும், கதை முடிஞ்சுது. ஈவிஏன்னு இன்னொரு மெத்தை இருக்கு, ஸ்போர்ட்ஸ் ஷூல வர்றது, அது வருஷம் ஆனா அமுங்கி தட்டையாகும், ஆனா இப்படி உதிராது.

அப்ப என் ஷூ எத்தன வருஷம் பழசு? பெட்டிய எடுத்தேன். வெள்ளை ஸ்டிக்கர், எம்.ஆர்.பி 16,999, மாதம் வருடம் 2024னு போட்டிருக்கு. ஓரத்துல லேசா தூக்கிட்டு இருந்துச்சு, ஹேர் ட்ரையர் சூடு காட்டி மெதுவா உரிச்சேன். அடியில பழைய லேபிள், நமக்கு தெரியாத ஏதோ பாஷைல, அதுல தேதி இருந்த இடத்த கருப்பு மார்க்கரால அடிச்சு விட்டிருக்கான். சரின்னு ஷூவோட லேஸ கழட்டி, டங்க (லேஸுக்கு அடியில இருக்கற நாக்கு) வெளிய மடிச்சு, உள்பக்கம் தச்சிருக்கற சின்ன துணி லேபிள டார்ச் அடிச்சு பாத்தேன். சைஸுக்கு கீழ பொடி எழுத்துல 05/2016. பெட்டில இருக்கறத அழிச்சவனுக்கு இத அழிக்க தோணல.

2016ல செஞ்ச ஷூவ 2024னு ஸ்டிக்கர் ஒட்டி 11,800க்கு வித்திருக்காங்க. இதுக்கு பேரு வியாபாரமா?

இனி அவங்க என்னைய அலைக்கழிச்ச கதை. இறங்கின அன்னைக்கு ராத்திரியே வாட்ஸ்அப்ல போட்டோ அனுப்பினேன். "அச்சோ சிஸ்டர், டீம்கிட்ட கேட்டு சொல்றேன்." ரெண்டு ப்ளூ டிக், அதோட சரி. திரும்ப கேட்டா "தண்ணில இறங்கினீங்களா?" வாட்டர்ப்ரூஃப்னு தண்ணி ஊத்தி காமிச்சு வித்த வாயி கேக்குற கேள்வி இது! ஆமா ஈரப்பாறைல நடந்தேன்னேன், உடனே "அதான் சிஸ்டர், ஈரம் பட்டா பசை விடும், வாரன்டில வராது". அப்புறம் "வாஷிங் மெஷின்ல போட்டீங்களா, வெயில்ல காய வெச்சீங்களா"ன்னு வரிசையா. போடல, வெக்கல. அப்புறம் "கொண்டு வாங்க, ஒட்டித் தரேன், 350 ரூபா ஆகும்". உதிர்ந்து போன மாவுல எதோட எத ஒட்டுவாரு?

நேர்ல போனேன். அன்னைக்கு கடைல ஒரு சின்ன பையன், "அண்ணன் மணாலி போயிருக்காரு, க்ரூப் எடுத்துட்டு". அடுத்த தடவ போனா அதே பையன், "இப்பதான் கிளம்பினாரு". வாசல்ல வண்டி நிக்குது. படியிலயே உக்காந்துட்டேன், இருட்டுற வரைக்கும். வந்தாரு. போன தடவ முட்டி போட்டு லேஸ் கட்டின மனுஷன் இந்த தடவ உக்காருங்கன்னு கூட சொல்லல. டங்ல இருக்கற 05/2016 காமிச்சேன். "அது மாடல் நம்பர்." நான் மே 2016ன்னேன். "வாங்கும்போது நல்லாத்தானே இருந்துச்சு, நடந்து பாத்துட்டுதானே எடுத்தீங்க." பில் குடுங்க, நான் பாக்க வேண்டிய இடத்துல பாத்துக்கறேன்னேன். அப்ப சொன்னாரு பாருங்க, "உங்க வீட்டு சார பேச சொல்லுங்க, லேடீஸ்கிட்ட நான் என்னத்த பேசறது." விக்கும்போது லேடீஸ்னு தெரியலயா? ஜிபேல காசு வரும்போது யாரு காசுன்னு பாக்கலயா? நான் சம்பாதிச்ச காசு அது, 11,800, அதுக்கு பதில் சொல்ல வேண்டியது எனக்கு.

கடைசியா எறங்கி வந்து "சரி, வேற ஜோடி எடுத்துக்கோங்க, 2,000 கம்மி பண்ணி தரேன்"னார். அதாவது நான் இன்னும் காசு போட்டு அதே குப்பைல இன்னொண்ணு எடுத்துட்டு போகணும். முடியாதுன்னு சொல்லிட்டு வந்து அவங்க பேஜ்ல டங் லேபிள் போட்டோவோட கமென்ட் போட்டேன். உடனே அழிச்சுட்டாங்க, என்னைய ப்ளாக்கும் பண்ணிட்டாங்க. அதுக்குள்ள அத பாத்துட்டு ஒரு பொண்ணு எனக்கு மெசேஜ் பண்ணிச்சு, "அக்கா எனக்கும் இதே கடை, பர்வதமலைல பாதி வழில சோல் போச்சு, மானம் போகுதுன்னு யார்கிட்டயும் சொல்லல". சொல்லுங்கம்மா. சொல்லாததுதான் இவங்களுக்கு வசதியா இருக்கு.

ஷூ எப்படி பாத்து வாங்கறதுன்னு பெருசா எழுதணும்னுதான் உக்காந்தேன், கோவத்துல எல்லாம் மறந்து போச்சு, தோணறத மட்டும் சொல்லிடறேன். டங்குக்கு உள்ள தேதி பாருங்க, பெட்டி ஸ்டிக்கர நம்பாதீங்க. தேதி லேபிள வெட்டி எடுத்திருந்தாலோ அழிச்சிருந்தாலோ அந்த ஷூவ கீழ வெச்சுட்டு வந்துடுங்க. நாலஞ்சு வருஷத்துக்கு மேலன்னா எவ்ளோ கம்மி விலைக்கு குடுத்தாலும் வேணாம். நடு மெத்தைய பக்கவாட்டுல கட்டைவிரலால அழுத்துங்க, மயிரிழை மாதிரி விரிசல், பிசுபிசுப்பு, மாவு, எது தெரிஞ்சாலும் வேணாம். வைப்ரம் சோல்னு (கிரிப்புக்கு பேர் போன சோல் கம்பெனி) வாயால சொன்னா போதாது, சோல்லயே அந்த பேர் அச்சுல இருக்கும், கோர்-டெக்ஸ்னா (தண்ணி உள்ள போகாத படலத்தோட பிராண்ட்) ஷூலயே அந்த பேர் இருக்கும், கயித்துல தொங்கற அட்டைய யாரு வேணா மாட்டலாம். வீட்ல ரொம்ப வருஷம் சும்மா கிடக்கற நல்ல ஷூ இருந்தாலும் அத எடுத்துட்டு நேரா மலைக்கு போயிடாதீங்க, முதல்ல பைல கனம் ஏத்திக்கிட்டு பக்கத்துல எங்கயாவது நல்லா நடந்து பாருங்க. பைல ஒரு செருப்பும் கொஞ்சம் கயிறும் எப்பவும் இருக்கட்டும். பில் தராதவன்கிட்ட ஒரு ரூபா கூட குடுக்காதீங்க. "விற்ற பொருள் திரும்ப எடுக்கப்படாது"ன்னு போர்டு வெச்சிருந்தா பயப்படாதீங்க, குறையுள்ள பொருளுக்கு அது செல்லாது, பில்லுல கெடு எதுவும் போடலன்னா 30 நாளைக்குள்ள திருப்பி எடுத்துட்டு காச தரணும், மறுத்தா அதுவே முறையற்ற வணிகம்னு அதே நுகர்வோர் சட்டம் சொல்லுது. நான் வாங்கி ஒரு மாசம் கூட ஆகல.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, அதுல கம்ப்ளைன்ட் போட்டாச்சு, நம்பர் வந்திருக்கு. ஜிபே ஸ்க்ரீன்ஷாட், எஸ்டிமேட் சீட்டு, ரெண்டு லேபிள் போட்டோ, வாட்ஸ்அப் சாட் எல்லாம் எடுத்து வெச்சிருக்கேன். இவங்க மசியலன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கே போறேன், 5 லட்சம் வரைக்கும் அங்க மனுவுக்கு கட்டணம் கிடையாது. 11,800 ரூபாய விடப் போறதில்ல.

என் தங்கச்சி ஐடில இருந்து இப்ப பாத்தேன், அதே மாடல் இன்னும் அந்த பேஜ்ல ஓடிட்டு இருக்கு. "கடைசி சில ஜோடிகள்", சைஸ் 5, 7, 8 இருக்காம், விலை 10,500 ஆக்கிட்டாங்க. யாராவது அட்வான்ஸ் போட்டிருந்தா இன்னைக்கே கேன்சல் பண்ணுங்க.